காரின் அடியில் ஓர் அடுப்பு

தான் மாறாமல் பிற பொருள்களின் வேதிமாற்றத்தை விரைவுபடுத்துவது வினையூக்கி என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அத்தகைய வினையூக்கி ஒன்று காரின் அடியில், சைலன்சருக்கு முன்னால் தொங்குகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்பது அதன் பெயர். 1950களில் அமெரிக்காவில் இதற்கு வடிவம் தந்தவர் யூஜீன் ஊத்ரி என்னும் பிரெஞ்சுக்காரர். புதுவைக்காரர்கள் சற்றே உறவு கொண்டாடலாம்! நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஆகவே பழைய கார் வாங்குவோரும் இதை அறிந்திருத்தல் நலம்.

உள்ளே இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் எரியாத பெட்ரோல் ஆவியும் இங்கே ஆக்சிஜனுடன் கூடிக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. இது வெப்பம் உமிழும் வினை. சில நூறு டிகிரி சூடு இதற்கு இயல்பே. ஆனால் எரியாத பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து சேர்ந்தால், அத்தனையும் இங்கேயே எரிந்து சூடு 1000 டிகிரியைத் தாண்டும். தேன்கூடு உருகும்; புகை போக வழி அடைபடும்; கார் மேட்டில் ஏறத் திணறும்.

எனவே கன்வர்ட்டர் செக்கச் சிவந்தால் குற்றவாளி பெரும்பாலும் அது அன்று, என்ஜின்தான். ஏதோ ஒரு சிலிண்டரில் பிளக் பொறி விடாதிருக்கலாம். கார்ப்பரேட்டர் வண்டியில் சோக் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிற்காலத்து வண்டியில் ஆக்சிஜன் சென்சார் பழுதாகியிருக்கலாம். இதைப் பாராமல் புதிய கன்வர்ட்டர் மாட்டினால் அதுவும் விரைவில் கருகிவிடும். பணம் புகையாகப் போவது என்பது இதுதான் போலும்!

தொடாமலே சூடு காட்டும் வெப்பமானி கொண்டு, ஓடிச் சூடேறிய வண்டியில் கன்வர்ட்டரின் முன்குழாயையும் பின்குழாயையும் அளக்க வேண்டும். பின்புறம் சற்றே சூடு மிகுந்திருந்தால் கவலையில்லை. மிகப் பெரிய வித்தியாசம் என்றால் பெட்ரோல் எரியாமல் வருகிறது என்று பொருள். அடைப்பை அறிய வாக்குவம் கேஜ் போதும். என்ஜினை 2500 சுற்றில் நிலையாக வைத்தால் முள்ளும் நிலையாக நிற்க வேண்டும்; மெல்ல மெல்ல இறங்கினால் வழி அடைபட்டிருக்கிறது.

ஓடும் என்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது நம் மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். இவ்வகை வண்டிக்கு அது ஆகாது. பிடுங்கிய சிலிண்டரின் பெட்ரோல் முழுவதும் நேரே கன்வர்ட்டருக்குத்தான் போகிறது. வெகுதூரம் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அப்படியே. தேன்கூட்டை உடைத்தெறிந்துவிட்டு வெறுங்கூட்டை மாட்டுவோரும் உண்டு. சூடு குறையும், மெய்தான்; ஆனால் கார்பன் மோனாக்சைடு அப்படியே தெருவில் கலக்கும்.

மற்றொன்று. பாகூர் போன்ற நெல் விளையும் பகுதிகளில் அறுவடைக் காலத்தில் சாலையிலும் ஓரத்திலும் வைக்கோல் கிடக்கும். சூடேறிய காரை அதன்மேல் நிறுத்தக் கூடாது. அடியில் சிக்கிய வைக்கோலைக் கண்டால் என்ஜினை நிறுத்தி, ஆறிய பின்னரே நீக்க வேண்டும், வெறுங்கையால் அல்ல.