ஜெனரேட்டர் சூட்டில் ஏசி ஓட்டலாம்... ஆனா கட்டுப்படியாகுமா?

காரியாபட்டியில் மே மாத மதியம். கரண்ட் போனதும் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர் உறும ஆரம்பிக்கும். கிட்டே போனால் அனல் முகத்தில் அடிக்கும். டீசலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி பெரும்பாலும் சூடாகவும் புகையாகவும் வீணாகிறது.

அந்தச் சூட்டைப் பிடித்து வெந்நீர் போடுவது, ஏசியும் ஓட்டுவது, இதுதான் ‘ட்ரைஜெனரேஷன்’. சூட்டிலிருந்து குளிர்ச்சியா? ஆமாம். கம்ப்ரஸருக்குப் பதில் லித்தியம் புரோமைடு உப்புக் கரைசல் நீராவியை உறிஞ்சும். கரைசலைக் காய்ச்சி அந்த நீரை மறுபடி பிரித்தெடுக்கத்தான் சூடு. டெல்லி எய்ம்ஸின் ஜெயப்பிரகாஷ் நாராயண் விபத்து சிகிச்சை மையத்தில் ஜெர்மனி உதவியோடு இப்படி ஒன்றை அமைத்தார்கள்.

இனி காசுக் கணக்கு. காஸ் இன்ஜின் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. 4 யூனிட் மின்சாரம், 4 யூனிட் பயன்படும் சூடு, 2 வீண். ஒரு கன மீட்டர் 60 ரூபாய் என்றால் மின்சாரம் யூனிட்டுக்கு 15 ரூபாய். வாரியத்தில் 10 ரூபாய்க்குக் கிடைக்கும்போது இது எதற்கு?

அந்தச் சூட்டுக்கு விலை போட்டால்தான் கதை மாறும். 4 யூனிட் சூட்டை பாய்லரில் உண்டாக்க 28 ரூபாய் காஸ் வேண்டும். அது மிச்சம் என்றால் மின்சாரம் யூனிட் 8 ரூபாய்க்கு இறங்குகிறது. லாபம்!

அதே சூட்டை ஏசிக்குக் கொடுத்தால்? சாதாரண உறிஞ்சு இயந்திரத்தில் 2.8 யூனிட் குளிர்ச்சிதான் வரும். நல்ல மின்சார சில்லர் அதை வெறும் 0.6 யூனிட் கரண்டில் தந்துவிடும். மிச்சம் 6 ரூபாய். மின்சாரம் 13.50-லேயே நிற்கிறது. குளிர்ச்சி ஓசியில் வருவதாகத்தான் தோன்றும், ஆனால் சில்லர் அதைவிடக் கெட்டிக்காரன்.

வெயிலுக்குக் குறைவே இல்லாத விருதுநகர் மாவட்டத்தில் இதுதான் சிக்கல். நமக்குத் தேவை குளிர்ச்சி, காசு தருவதோ சூடு. நம் சர்க்கரை ஆலைகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது: கரும்புச் சக்கை கையிலேயே இருக்கிறது, சாறு காய்ச்ச நீராவியும் வேண்டும்.

துணி வெளுக்கவும் கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யவும் 24 மணி நேரமும் சூடு கேட்கிற பெரிய ஆஸ்பத்திரி என்றால் யோசிக்கலாம், காஸ் விலை ஏறாதவரை. முகூர்த்த நாளில் மட்டும் திறக்கிற மண்டபத்துக்கு? போட்ட முதலுக்கு வட்டி கட்டவே வாடகை போதாது.