ஒற்றை விளக்கும் குடும்பப் படமும்

இல்லத்தில் வளைகாப்போ அறுபதாம் கலியாணமோ நிகழுமாயின், பந்தி முடிந்ததும் யாவரையும் ஒருங்கே நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வது நம்மவர் வழக்கம். ஊரிலிருந்து வந்தோர் இரவு ரயிலுக்குப் புறப்படுமுன் எடுத்தாக வேண்டும். கூடமோ சிறிது, கையிலிருப்பதோ ஒரே ஒரு பிளாஷ் விளக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் செம்பூரில் நண்பர் ஒருவர் இல்லத்தில் இத்தகைய படம் ஒன்றை நாம் எடுத்தோம். குழந்தைகள் பாயில், பெரியோர் நாற்காலியில், ஏனையோர் பின்னால். நண்பரின் பாட்டியார் மட்டும், எவ்வளவு வேண்டியும் முன்னே அமர இசையாமல், பின்வரிசையின் ஓரத்தில் நின்றுகொண்டார். விளக்கைக் காமிராவின் தலைமீதே பொருத்தி நேராக ஒளி பாய்ச்சினோம். குழந்தைகளின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. பாட்டியார் நிழலாகிப் போனார். மறு ஆண்டு அவர் காலமானபோது, பெரிதாக்கி மாலையிடுவதற்கு வீட்டார் அந்தப் படத்தைத்தான் கேட்டனர். கொடுக்க நமக்குக் கை கூசியது.

பிழை விளக்கின் வலிமையில் இல்லை; அது நின்ற இடத்தில் இருந்தது. தூரம் இரட்டித்தால் ஒளி நான்கிலொரு பங்காகிவிடும். விளக்கிலிருந்து முன்வரிசை 2 மீட்டரிலும் பின்வரிசை 3 மீட்டரிலும் இருப்பின், முன்னவர் பெறும் ஒளியில் பாதிகூடப் பின்னவருக்குக் கிட்டாது. அவ்விளக்கையே இன்னும் 2 மீட்டர் பின்னுக்கு நகர்த்தினாலோ, ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு கிட்டும். கூடத்தில் இடமில்லையே என்பீர்கள். காமிரா கூடத்திலேயே இருக்கட்டும். விளக்கை மட்டும் கால்தாங்கியில் ஏற்றி, வாயிற்படிக்கு அப்பால் நிறுத்தி, ரேடியோ டிரிக்கரால் இயக்கலாம். 7, 8 அடி உயரத்தில் வைத்து, முகப்பைப் பின்வரிசையை நோக்கித் திருப்புக. மூக்குக் கண்ணாடிகளில் ஒளி பளிச்சிடுவதும் சுவரில் பூதம்போல் நிழல் எழுவதும் இதனால் பெரிதும் குறையும். சுவரை ஒட்டி எவரையும் நிறுத்தாதீர்கள்.

தூரம் மிகுந்தால் ஒளி போதுமா? வழிகாட்டு எண் 40 உடைய விளக்கு, ஐ.எஸ்.ஓ. 100-இல் எஃப் 8 துளைக்கு 5 மீட்டர் வரை எட்டும். ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் அதற்கு விளக்கின் கால்பங்கு வலிமையே போதும். பாட்டரியும் விரைவில் களைக்காது.

கால்தாங்கி இல்லாதோர், விளக்கின் முகத்தை அண்ணாத்தித் தமக்குப் பின்புறம் சுவரும் கூரையும் கூடுமிடத்தில் ஒளியை மோதவிடலாம். திரும்பி வரும் ஒளி மிருதுவாய் எல்லாரையும் தழுவும். ஆயின் பெருமளவு குன்றியே வரும். கூரை வெள்ளையாய் இருத்தல் அவசியம். வீட்டுக்காரர் பச்சை வண்ணம் பூசியிருந்தாரோ, முகங்கள் யாவும் பாகற்காய் நிறம் கொள்ளும்!

இருபது பேரில் ஒருவரேனும் கண் மூடுவர். ஆகவே ஐந்தாறு படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே விளக்கு மீண்டும் நிரம்பும்வரை பொறுக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னரே பாட்டிமாரை நடு நாற்காலியில் அமர்த்திவிடுங்கள். மறுப்பார்கள், கொள்ளுப்பேரன் ஒருவனை மடியில் வைத்துவிட்டால் எழுந்திருக்க மாட்டார்கள்.