அமிலத்தால் முகத்தோலை உரித்தல்: முன்னரே அறியவேண்டியவை

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பலரின் கன்னத்திலும் நெற்றியிலும் பழுப்பு நிறத் திட்டுகள் படர்ந்திருப்பதைக் களப்பணியாளர் கண்டிருப்பர். மக்கள் இதனை மங்கு என்பர். வெயிலும், கருவுற்ற காலத்தில் உடலில் நேரும் மாறுதல்களும், குடும்ப வழியும் இதற்குக் காரணங்களாகும். இம்மங்கையும் பருத்தழும்புகளையும் போக்குவதற்கெனக் 'கெமிக்கல் பீல்' என்னும் முறை இப்பொழுது அழகு நிலையங்களில் பெரிதும் விளம்பரம் செய்யப்படுகிறது. திருமணத்திற்குச் சில வாரங்களே இருக்கையில் இதனைச் செய்துகொள்ளலாமா என்று ஆசிரியைகளிடம் யோசனை கேட்கும் இளம்பெண்களும் உண்டு.

ஆங்கிலச் சொல்லுக்கு நேர்பொருள் 'உரித்தல்' என்பதே. வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல ஏதோ எளிதில் கழன்றுவிடும் என்ற எண்ணத்தை இச்சொல் எழுப்புவதால், இதனைக் கையாளச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. உண்மையில் இங்கு நடப்பது அளவறிந்து செய்யப்படும் ஒரு சுடுபுண் எனலாம். மேற்தோலின் அடியில் புதிய அணுக்கள் பிறந்து, ஏறக்குறைய நான்கு வாரங்களில் மேலே வந்து, உயிரற்ற செதில்களாக உதிர்கின்றன. அமிலம் அச்செதில்களின் பிணைப்பைத் தளர்த்தியோ, மேலடுக்கை அழித்தோ இவ்வுதிர்தலை விரைவுபடுத்துகிறது. அடியிலிருந்து புதிய தோல் வளர்ந்து மூடுகிறது. ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா 1882ஆம் ஆண்டிலேயே இத்தகைய அமிலங்களின் செயலை விவரித்துள்ளார்.

எல்லா அமிலங்களும் ஒன்றல்ல. கரும்பிலும் காணப்படும் கிளைக்காலிக் அமிலம் மேலடுக்கில் வேலை செய்வது. குறித்த சில நிமிடங்களில் சோடா உப்புக் கரைசலால் அதன் செயலை நிறுத்திவிடலாம். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரைவதால் பருவுக்கு ஏற்றது. ஆயினும் ஆஸ்பிரின் ஒவ்வாதவர்க்கும் கருவுற்றோர்க்கும் ஆகாது. டிரைகுளோரோஅசெட்டிக் அமிலம் இன்னும் ஆழமாக இறங்கும். அதனைப் பூசியபின் இடையில் நிறுத்த வழியில்லை. எத்தனை முறை பூசினர் என்பதைப் பொறுத்தே ஆழம் அமையும். பீனால் இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பையே குலைக்க வல்லது. புட்டியின் மேல் அச்சிட்டுள்ள சதவீதத்தைக் கொண்டு மட்டும் வலிமையை மதிப்பிட இயலாது. ஒரே சதவீதமுள்ள இரு கரைசல்கள் அவற்றின் புளிப்பளவுக்கேற்ப வெவ்வேறு வகையில் செயற்படும். இவ்வாறு செறிந்த அமிலங்களை மருத்துவர் மேற்பார்வையின்றி வீட்டில் பயன்படுத்தலாகாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் எச்சரித்தது.

நம் நாட்டவர்க்கு முதன்மையான செய்தி ஒன்றுண்டு. வெண்ணிறத் தோலில் புண் ஆறினால் சிவப்பு தோன்றி மறையும். மாநிறத் தோலிலோ காயம் பட்ட இடத்தில் நிறமி மிகுதியாகச் சுரந்து கருமை படியும். அடுப்பில் சுட்ட தழும்பு மாதக்கணக்கில் கறுத்திருப்பதை அறியாதார் இல்லை. அமிலத்தால் நேரும் புண்ணுக்கும் இதுவே விதி. மங்கைப் போக்கப் போனவர், அதனினும் கரிய திட்டுடன் திரும்ப நேரலாம். ஆதலின் மாநிறத்தார்க்கு மெல்லிய அமிலத்தை, சில வார இடைவெளியில், பலமுறை பூசுவதே முறை. பீனால் போன்ற ஆழ்ந்த வகை ஏற்றதன்று. முதலில் காதின் பின்புறம் சிறிது தடவிப் பார்ப்பதும் வழக்கம். திருமணத்திற்கு முந்திய வாரம் இதற்கு உரிய காலம் அன்று.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில. உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருதல், பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உட்கொள்ளல், பழைய தழும்பு தடித்து வளரும் இயல்பு ஆகியவை அவற்றுட் சில. எல்லாவற்றினும் மேலாக, முன்னர்ப் பூசிய கிரீம்களின் பெயர்கள். ஸ்டீராய்டு கலந்த கிரீமை நெடுநாள் பூசிய தோல் மெலிந்திருக்கும். அதில் அமிலம் எதிர்பாராத ஆழத்திற்கு இறங்கிவிடும். இவ்வகைக் கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்பதை 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு தடுத்தது. பெயர் தெரியாத வெளுப்புக் கிரீம்களில் பாதரசமும் இருக்கக்கூடும். மலப்புறம் மாவட்டக் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயுற்ற 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அரியதொரு பிரிவு காணப்பட்டது. அப்பதினைவருள் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். ஆதலின் பயன்படுத்திய குழாயையும் டப்பாவையும் கையோடு கொண்டுசெல்வது நன்று.

எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் செல்வதும் தோலைக் கருக்கும் என்பதை மாணவியர்க்குச் சொல்லலாம்.

பூசிய பின்னர்த் தோல் சிவந்து, சில நாட்களில் செதிலாக உதிரும். அதனைப் பிய்த்தெடுக்கக் கூடாது. புதிய தோல் வெயிலைத் தாங்காது. பல வாரங்கள் வெயில் தடுக்கும் பூச்சும், குடையும், முகத்தை மறைக்கும் துணியும் தேவை. நாள் முழுதும் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிப்பவர்க்கு இது எளிதன்று. விடுப்பு எடுத்தால் கூலி போகும். அத்தகையோர் அமிலத்தை விட்டு, மருத்துவர் தரும் பூச்சு மருந்தோடும் வெயில் காப்போடும் நிறைவடைவதே தக்கது என்பது நம் கருத்து. தோல் மருத்துவரைக் காணக் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, எல்லை கடந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ செல்லலாம். பீர்மேட்டில் மூடுபனி கவிந்த நாளில் வெயிலே இல்லை என்று எண்ணிக் குடையை வீட்டில் வைத்துவிடுவர். ஆனால் புற ஊதாக் கதிர் மெல்லிய மேகத்தை ஊடுருவி வரும். சுமார் 3,000 அடி உயரத்தில் அதன் வலிமை சமவெளியில் உள்ளதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகவும் இருக்கும்.