நெருப்புப் பூக்களும் நெரிசலும்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ நடந்தவர்களுக்குக் கூட்டம் புதிதன்று. தோளோடு தோள் உரச நடப்பதும் தம்பி தங்கையின் கையை இறுகப் பற்றிக்கொள்வதும் நமக்குப் பழகிப்போனவை. அங்கே நமக்கு வழி தெரியும், மொழி புரியும், அழைத்தால் ஓடிவர ஆள் இருக்கும். இதே போன்ற கூட்டத்தில், மொழி தெரியாத ஓர் அயல்நாட்டில் நிற்க நேர்ந்தால் என்ன செய்வது?

மலேசியா 1982-ஆம் ஆண்டு கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தது. அதன்வழி ஆயிரக்கணக்கான மலேசியர்கள் உயர்கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஜப்பான் சென்றுள்ளனர். அந்நாட்டில் வாழ்வோரை ஈர்க்கும் விழாக்களுள் ஒன்று கோடைக்கால வாணவேடிக்கை. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஆற்றங்கரைகளிலும் கடற்கரைகளிலும் இவ்விழா நடைபெறும். ஜப்பானியர் வாணத்தை ‘ஹனபி’ என்பர். ‘ஹன’ என்றால் பூ. ‘பி’ என்பது நெருப்பு. தமிழிலும் ‘பூவாணம்’ என்னும் சொல் உண்டு. இரு மொழியினரும் நெருப்பில் பூவைக் கண்டிருக்கின்றனர்.

வாணவேடிக்கைக்குக் கடற்கரை ஏற்ற இடமாகும். தீப்பொறிகள் நீரில் விழுந்து அணைந்துவிடும். பார்வையை மறைக்கக் கட்டடங்கள் இரா. மக்கள் பிற்பகலிலேயே வந்து பாய் விரித்து இடம் பிடிப்பர். பலர் ‘யுகாத்தா’ எனப்படும் மெல்லிய பருத்தி அங்கியை அணிந்திருப்பர். இருட்டியதும் வெடிகள் வானில் மலரும். வெடியில் கலந்துள்ள உலோக உப்புகளே வண்ணங்களைத் தருகின்றன. ஸ்ட்ரோன்டியம் சிவப்பையும், பேரியம் பச்சையையும், செம்பு நீலத்தையும், சோடியம் மஞ்சளையும் உண்டாக்கும்.

இத்தகைய விழாவின் இடர் பெரும்பாலும் வானில் இல்லை, தரையில்தான் இருக்கிறது. மக்கள் பல மணி நேரத்தில் சிறிது சிறிதாக வந்து சேர்கின்றனர். கடைசி வெடி அடங்கியதும் அனைவரும் ஒரே நேரத்தில் இரயில் நிலையத்தை நோக்கித் திரும்புகின்றனர். பாதையின் அகலமோ மாறுவதில்லை.

இதன் விளைவை 2001-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் அகாஷி நகரம் கண்டது. அங்குள்ள கடற்கரையையும் அசாகிரி இரயில் நிலையத்தையும் ஒரு நடைபாலம் இணைக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 100 மீட்டர். அகலம் 6 மீட்டர். கடற்கரைப் பக்கம் இறங்கும் படிக்கட்டோ அதில் பாதி அகலமே உடையது. வாணவேடிக்கையைக் காணப் பலர் பாலத்திலேயே நின்றுவிட்டனர். விழா முடிந்ததும் கடற்கரையிலிருந்து திரும்பியோர் படியேறினர். எதிரெதிர்த் திசையில் வந்த இரு கூட்டங்களும் பாலத்தின் முனையில் மோதின. அந்நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒன்பது பேர் குழந்தைகள். மற்ற இருவர் மூதாட்டியர். கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பில் இருந்தோர் பின்னர் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர்.

நெரிசலில் இறப்போர் மிதிபட்டே இறக்கின்றனர் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், பெரும்பாலோர் மூச்சுவிட முடியாமல் இறக்கின்றனர். ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் நெருங்கினால், தனிமனிதர் தம் விருப்பப்படி நகர இயலாது. கூட்டம் நீரைப் போல் அலைபாயும். யாரும் வேண்டுமென்றே தள்ளாவிட்டாலும், பின்னால் இருப்போரின் சிறு அசைவுகள் ஒன்றுசேர்ந்து முன்னால் இருப்போரின் மார்பை அழுத்தும். நுரையீரல் விரிய இடம் இராது.

இந்நிலையில் அயல்நாட்டவருக்கு இடர் கூடுதலாகும். ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பு அவர்களுக்குப் புரியாது, மாற்றுவழியும் தெரியாது. 2022-இல் தென்கொரியாவின் இத்தேவோன் பகுதியில் ஏற்பட்ட நெரிசலில் 159 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 26 பேர் வெளிநாட்டினர். அது வாணவேடிக்கை விழா அன்று. ஆயினும் குறுகிய வழியில் அளவுக்கு மீறிய கூட்டம் திரண்டதே அங்கும் காரணமாயிற்று.

எனவே, விழாவுக்குச் செல்லும் முன் சிலவற்றைத் திட்டமிட வேண்டும். வந்த வழியைத் தவிர வேறொரு வெளியேறும் வழியையும் அறிந்து வைத்திருக்க வேண்டும். கூட்டம் மிகும்போது கைப்பேசித் தொடர்பு தடைபடலாம் என்பதால், நண்பர்கள் சந்திக்கும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். விழா முடிவதற்குச் சற்று முன்னரே புறப்படலாம். அல்லது கூட்டம் கலையும் வரை அங்கேயே காத்திருக்கலாம். நெரிசலில் சிக்கிக்கொண்டால், கைகளை மார்புக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், மெல்ல ஓரமாக நகர வேண்டும். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியக் கூடாது. ‘உதவி’ எனப் பொருள்படும் உள்ளூர்ச் சொல்லையும் அவசர எண்ணையும் கற்றிருப்பது நன்று. ஜப்பானில் காவல்துறைக்கு 110; அவசர மருத்துவ உதவிக்கு 119.

இந்தப் பாடம் வெளிநாடு செல்வோருக்கு மட்டும் உரியதன்று. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளிலும் இலட்சக்கணக்கானோர் ஏறி இறங்கும் கூட்டத்தில் அயல்நாட்டவரும் இருப்பர். ஷா ஆலாமில் ஜப்பானியரின் ‘போன் ஓடோரி’ விழாவுக்கும் பல நாட்டினர் வருகின்றனர். அங்கே வழி தெரியாமல் நிற்பவர் அவர். வழி தெரிந்தவர் நாம். படியில் ஓர் அடி ஒதுங்கி நிற்பதும், வெளியேறும் திசையைக் கை நீட்டிக் காட்டுவதும் எளிய செயல்களே. அகாஷியின் குறுகிய படிக்கட்டை நினைப்போருக்கு அவற்றின் அருமை புரியும்.