சமநிலை அமைந்த கணினி

மேசைக் கணினியின் உறுப்புகளைத் தாமே தேர்ந்து பூட்டிக்கொள்வோர் இன்று பலர். வேண்டிய உறுப்புக்கு வேண்டிய அளவே செலவிடலாம் என்பது அதன் பயன். ஆயினும், செயலி ஒன்றுக்கே பணத்தை எல்லாம் கொட்டிவிட்டு, பிறவற்றை மலிவாக முடித்துக்கொண்டு, பின்னர் வருந்துவோரும் உளர். விரலுக்கேற்ற வீக்கம் என்னும் பழமொழி இங்கும் பொருந்தும்.

கணினியின் முதன்மை உறுப்புகள் யாவை? கணக்கிடுவது செயலி. கணக்கிடும் பொழுது தரவைத் தாங்கி நிற்பது ரேம் எனப்படும் நினைவகம். மின்சாரம் நின்ற பின்னும் தரவைக் காப்பது சேமிப்பகம். காட்சிகளை உருவாக்கித் திரைக்கு அனுப்புவது வரைகலை அட்டை. இவற்றை இணைப்பது தாய்ப்பலகை. அனைத்திற்கும் மின்சாரம் ஊட்டுவது மின்வழங்கி.

செயலி மட்டும் விரைவாக இருந்தால் போதாதா? ஒரு வேலை முடிய 100 நொடி ஆகிறது என்று கொள்க. அதில் 40 நொடி கணக்கீட்டிற்கும், 60 நொடி சேமிப்பகத்திலிருந்து தரவு வருவதற்கும் செல்கின்றன. செயலியின் விரைவை இருமடங்காக்கினால் வேலை 80 நொடியில் முடியும். செயலியைத் தொடாமல் சேமிப்பகத்தைப் பத்து மடங்கு விரைவாக்கினாலோ 46 நொடியே போதும். செயலி எத்துணை விரைந்தாலும் அந்த 60 நொடி குறையப்போவதில்லை. இதற்கு அடிப்படையான கருத்தை அமெரிக்கக் கணினி அறிஞர் ஜீன் ஆம்தால் 1967-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அஃது ஆம்தால் விதி என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

வன்தட்டு ஏன் தாமதிக்கிறது? அது பொதுவாக நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும். வேண்டிய தரவு படிப்புமுனையின் கீழ் வந்து சேர, சராசரி அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 4.2 மில்லி நொடி, காத்திருத்தல் வேண்டும். அதற்குள் 3 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு ஏறக்குறைய 1 கோடியே 25 இலட்சம் துடிப்புகள் கழிந்துவிடும்! எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்பே இல்லை. ஆகவே இக்காத்திருப்பும் இல்லை.

எனவே, பழைய கணினியை மேம்படுத்த விழைவோர் முதலில் காண வேண்டுவது, தடை எங்கே என்பதாகும். வழக்கமான வேலையைச் செய்துகொண்டே, விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்து நோக்குக. நினைவகம் நிரம்பி வழிகிறதா, வன்தட்டு 100 விழுக்காட்டில் நிற்கிறதா, செயலி திணறுகிறதா என்பது விளங்கும். எது திணறுகிறதோ அதனையே முதலில் மாற்றுதல் முறை.

புதிதாக அமைப்போர் பிற்கால வளர்ச்சிக்கும் இடம் வைத்தல் நன்று. 2017-இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் முதல் ரைசன் செயலிகள் ஏ.எம்.4 என்னும் பொருத்துவாய்க்கென வந்தன. 2020-இல் தோன்றிய ரைசன் 5000 வரிசையும் அதே பொருத்துவாயை உடையது. பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்து, பழைய பலகைகள் பலவற்றில் புதிய செயலியைப் பொருத்த முடிந்தது. 2022-இல் வந்த ஏ.எம்.5 பொருத்துவாய்க்கோ புதிய பலகையும் டி.டி.ஆர்.5 நினைவகமும் வேண்டும், பழைய டி.டி.ஆர்.4 அதில் பொருந்தாது. ஆதலால் பலகையை வாங்குமுன், அஃது எவ்வெச் செயலிகளை ஏற்கும் என்னும் பட்டியலைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

மின்வழங்கியிலும் சிக்கனம் ஆகாது. உறுப்புகள் அனைத்தும் இழுக்கும் வாட் அளவைக் கூட்டி, அதற்கு மேலும் சிறிது மிச்சம் இருக்குமாறு தேர்தல் வேண்டும்.

பாடக்குறிப்பும் வினாத்தாளும் எழுதும் ஆசிரியருக்கு விலை மிகுந்த வரைகலை அட்டை தேவையில்லை; வரைகலைத் திறன் உள்ளமைந்த செயலியும், 16 ஜிகாபைட் நினைவகமும், எஸ்.எஸ்.டி. ஒன்றும் போதும். செய்யும் வேலையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குச் செல்பவர், தேவையற்ற உறுப்புக்குப் பணத்தை இழப்பதில்லை.