குருதி நச்சேற்றமும் மரபணுவும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் மழைக்காலம் வந்தால் காய்ச்சல் காணாத தெருவில்லை. ஒரே கிருமியால் பல குழந்தைகள் நோயுறுகின்றனர். பெரும்பாலோர் சில நாள்களில் தேறுகின்றனர். ஒரு குழந்தை மட்டும் உயிருக்குப் போராடுகின்றது. இதனை விதி என்றும் கண்ணேறு என்றும் கூறி நாம் அமைதல் தகுமோ?

கிருமியை எதிர்க்கும் முயற்சியில் உடல் நிலைதடுமாறித் தன் உறுப்புகளையே சிதைத்துக்கொள்வதை மருத்துவர் 'செப்சிஸ்' என்பர். நாம் குருதி நச்சேற்றம் எனலாம். குறைமாதப் பிறப்பு, எடைக்குறைவு, ஊட்டக்குறைவு, காலந்தாழ்ந்த மருத்துவம் ஆகியன இதற்கு வழிகோலுவன. மரபணு வேறுபாடும் இவற்றோடு சேர்கின்றது.

டென்மார்க்கில் தத்துப்பிள்ளைகளை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட முடிவு இதனைத் தெளிவாக்கிற்று. ஈன்ற பெற்றோருள் ஒருவர் ஐம்பது வயதிற்குள் தொற்றுநோயால் இறந்திருப்பின், பிள்ளையும் தொற்றால் இறக்கும் வாய்ப்பு ஐந்து மடங்கிற்கு மேல் மிகுந்திருந்தது. வளர்த்த பெற்றோர் அவ்வாறு இறந்தபோது இம்மிகுதி காணப்படவில்லை.

1952இல் அமெரிக்க மருத்துவர் ஆக்டன் புரூட்டன், குருதித்தொற்றால் பலமுறை துன்புற்ற எட்டு வயதுச் சிறுவனிடம் காமா குளோபுலின் என்னும் காப்புப்புரதம் இல்லாமையைக் கண்டார். அதனை ஊசிவழிச் செலுத்தவே சிறுவன் நலமுற்றான். இக்குறைபாட்டிற்குரிய மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. இது தாய்வழி வருவது. தாய் நலமாயிருக்க, மகன் நோயுறலாம். ஆதலின், குழந்தைப்பருவத்தில் இறந்த தாய்மாமன் உண்டா என மருத்துவர் வினவுவது வீண்வினா அன்று.

வேறு சில குறைபாடுகள் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தாலே தோன்றும். உறவுமணத்தில் அவ்வாய்ப்பு கூடுகின்றது. தமிழகத்தில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவினரை மணந்தவர் என்பது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின் முடிவு. உறவில் மணந்தோர் அனைவரும் அஞ்ச வேண்டுவதில்லை. எனினும் முன்னர்ப் பிறந்த மகவு தொற்றால் மறைந்திருப்பின், அடுத்த மகப்பேற்றுக்கு முன்பே மருத்துவரிடம் உரைத்தல் கடமையாகும். எதிர்ப்பாற்றல் அறவே குன்றிய குழந்தைக்குப் பிறந்தவுடன் இடும் பி.சி.ஜி. ஊசியும் தீங்காகலாம், ஏனைய குழந்தைகளுக்கோ அது காப்பேயாம்.

பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், மூச்சிரைத்தல், கைகால் குளிர்தல் ஆகியவற்றைக் கண்டால் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. அருகிலுள்ள மருத்துவமனையை உடனே நாடல் வேண்டும். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். மரபு நம் கையில் இல்லை. குடும்பத்தின் நோய்வரலாற்றை மறையாது கூறுதல் நம் கையில் உள்ளது. அச்சொல்லே ஓர் உயிரைக் காக்கலாம்.