புயலுக்கு முந்திய நாளில் ஹவானா

புயல் வரப்போகிறது என்ற அறிவிப்பு வெளியானதும் ஹவானா நகரத்துக் கடற்கரைத் தெருக்களில் முதலில் கண்ணில் படுவது மோட்டார் வண்டிகளின் ஊர்வலமாகும். 1950-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் செய்யப்பட்ட செவ்ரலே, ப்யூக், போர்டு, பிளிமத் வண்டிகள் கடலுக்கு முதுகைக் காட்டித் தெற்கேயுள்ள மேட்டை நோக்கிச் செல்கின்றன. ஓடாத வண்டியை நாலு பேர் கூடித் தள்ளுகிறார்கள். அயல் தேசத்துப் பிரயாணிகள் இதை வேடிக்கைக் காட்சியாக எண்ணிப் படம் பிடித்துக்கொள்வது வழக்கம். நமக்கு இதில் வேடிக்கை எதுவும் தோன்றவில்லை. தன் பிழைப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு ஜனசமூகம் நடப்பதாகவே தோன்றுகிறது.

இவ்வளவு பழைய வண்டிகள் அந்த ஊரில் ஏன் ஓடுகின்றன என்பதை அறியாதவர் இதை விளங்கிக்கொள்ள முடியாது. 1959-இல் கியூபாவில் புரட்சி வென்றது. 1962 பிப்ரவரியில் அமெரிக்கா அந்நாட்டுடன் வர்த்தகத்தையே நிறுத்திவிட்டது. புதிய வண்டி வருவதும் நின்றது, உதிரி பாகம் வருவதும் நின்றது. உள்நாட்டுச் சட்டமோ, புரட்சிக்கு முந்திய வண்டிகளை மட்டுமே தனி மனிதர் தடையின்றி வாங்கவும் விற்கவும் 2011 வரையில் இடங்கொடுத்தது. ஆகவே, பிற தேசங்களில் காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டிய வண்டி இங்கே பிள்ளைக்குத் தகப்பன் விட்டுச்செல்லும் ஆஸ்தியாயிற்று. உருவத்தைப் பார்த்து இவற்றைப் 'பெரிய வாதுமைக் கொட்டை' என்று பொருள்படும் 'அல்மெந்த்ரோன்' என்ற பெயரால் ஜனங்கள் அழைக்கிறார்கள். வெளித்தோற்றம் அமெரிக்காவினுடையது, உள்ளேயுள்ள எஞ்சின் பல சமயங்களில் ருஷ்யாவினுடையது. பல பேர் சேர்ந்து ஏறும் வாடகை வண்டியாக ஓடி, ஒரு குடும்பத்துக்கு அன்றாடம் சோறு போடுவது இந்தக் கலப்பு யந்திரமே.

காற்றை விடக் கடல்நீரே இதற்குப் பெரிய சத்ரு. உப்பு நீர் அடிச்சட்டத்தினுள்ளும் கதவுகளின் மடிப்புகளிலும் புகுந்து தங்கி, நீர் வடிந்த பிறகும் மாதக்கணக்கில் இரும்பைத் தின்கிறது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கையில் அதை முடுக்கினால், எஞ்சின் அத்துடன் முடிந்தது. ஆகையால் வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோவது முதல் வேலை. பாட்டரிக் கம்பியைக் கழற்றுவதும், மரத்தடியிலும் பழைய மாடி முகப்புகளின் கீழும் நிறுத்தாமலிருப்பதும் அடுத்தவை. நகர்த்த வழியில்லாத வண்டிக்குச் சக்கரத்தின் கீழ்க் கல் அடுக்கி உயர்த்தி, கான்வாஸால் மூடிக் கயிற்றால் கட்டி வைக்கிறார்கள்.

வீட்டு வேலையும் கூடவே நடக்கிறது. ஜன்னலுக்கு அடிக்கப் பலகை கிடைப்பது அரிது. கிடைத்த தகரம், பழைய கதவு, அட்டை எதுவானாலும் ஆணியடித்துப் பொருத்துகிறார்கள். தகரக் கூரையின் மேல் மணல் மூட்டை ஏற்றுகிறார்கள். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்புகிறார்கள். அது பின்னால் குடிக்கவும் உதவும், பளுவினால் தொட்டி காற்றில் பறக்காமலும் நிற்கும். கீழ்க்கட்டில் குடியிருப்போர் தங்கள் மெத்தையையும் குளிர்ப்பெட்டியையும் மாடி வீட்டாரிடம் ஒப்படைக்கிறார்கள்.

ஜலசந்திக்கு அப்பால் 90 மைல் தூரத்தில் அமெரிக்காவின் புளோரிடா இருக்கிறது. 2017 செப்டம்பரில் 'இர்மா' என்ற சண்டமாருதம் இரண்டு கரைகளையும் அடுத்தடுத்துத் தாக்கியது. புளோரிடாவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேறும்படி சொன்னார்கள். உள்ளவர் உலோகத் தட்டிகளை ஜன்னலில் இறக்கிவிட்டு, தங்கள் மோட்டாரில் வடக்கே பறந்தனர். வழியில் பெட்ரோல் கிடைக்காமல் தவித்தனர். அங்கேயும் பழைய வண்டிகளைப் பிள்ளை போல் வளர்ப்போர் அநேகர் உண்டு. ஆனால் வண்டி அழிந்தால் அவர்களுக்கு இன்ஷியூரன்ஸ் பணம் வரும். அழிந்தது ஆசைப் பொருளேயன்றி அடுப்பெரியும் வழியன்று. அவர்கள் துக்கத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. இரண்டும் ஒரே துக்கமல்ல என்றுதான் சொல்லுகிறோம்.

உத்தரவு பிறந்தவுடன் ஹவானாவாசிகள் வீட்டை விட்டுப் புறப்படுவது ஏன்? சர்க்காரிடம் உள்ள பயம் என்று சொல்லிவிடுவது சுலபம். அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆயினும் புயல் சாஸ்திரம் அந்த மண்ணில் வேரூன்றிய வித்தை என்பதை மறக்கலாகாது. ஹவானா பெலன் கலாசாலையில் வான ஆராய்ச்சி செய்த பெனிட்டோ வின்யஸ் என்ற பாதிரியார், உயர்ந்த மேகங்களின் போக்கைக் கவனித்து, 1875 செப்டம்பரிலேயே புயல் எச்சரிக்கையைப் பத்திரிகையில் பிரசுரித்தார். அவருக்குப் பின் அங்கே வந்தவர்களும் அதே கண்ணுடன் வானத்தைப் பார்த்தனர். 1900-இல் கியூபா அமெரிக்க ராணுவ ஆட்சியில் இருந்தது. புயலைப் பற்றிக் கியூபாக்காரர்கள் தந்தியடிப்பதற்கே அமெரிக்க வானிலை இலாகா தடை வாங்கிவிட்டது. ஆளுகிற ஜாதிக்கு, ஆளப்படுகிறவனின் அறிவு எப்போதும் பிதற்றலாகத்தானே படும்! அவ்வருஷம் செப்டம்பரில் கியூபாவைக் கடந்த புயல் மேற்கே வளைகுடாவில் புகும் என்று ஹவானாவில் கண்டுகொண்டார்கள். அது வடக்கே திரும்பிவிடும் என்று வாஷிங்டனில் தீர்மானித்தார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி அப்புயல் டெக்ஸாஸிலுள்ள கால்வெஸ்டன் நகரத்தில் புகுந்தது. மாண்டவர் தொகை 6,000-க்குக் குறையாது.

வானத்தை அறிந்தால் மட்டும் போதாது என்பதைக் கியூபாவும் விலை கொடுத்தே கற்றது. 1932 நவம்பரில் சாந்தா குரூஸ் தெல் சூர் என்ற கடற்கரை ஊரைக் கடல் விழுங்கிற்று. சுமார் 3,000 பேர் இறந்தனர். 1963 அக்டோபரில் 'புளோரா' புயல் கிழக்குப் பிரதேசத்தின் மேல் நாட்கணக்கில் சுழன்று ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகுதான் ஜனப் பாதுகாப்பு ஏற்பாடு உருவாயிற்று. 1997-இல் பிறந்த 170-வது சட்டக் கட்டளை அதை உறுதிப்படுத்தியது. வக்கீல் கண்ணால் பார்க்கும் நமக்கு அதில் பிடித்தது ஒன்று: ஒவ்வொரு பகுதியிலும் பொறுப்பாளி யார் என்பது புயல் வருமுன்னரே நிச்சயமாகியிருக்கிறது. வருஷந்தோறும் மே மாதத்தில் ஒத்திகையும் உண்டு. வெளியேறுவோரில் பெரும்பான்மையோர் தங்குவது சர்க்கார் கொட்டகையிலல்ல. உறவினர், அண்டை வீட்டார் இல்லங்களில்தான். தட்டுமுட்டுச் சாமான்களைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகவும் ஏற்பாடு இருக்கிறது. சாமான் பிழைக்கும் என்ற நம்பிக்கை இல்லாத ஏழை எந்த உத்தரவுக்கும் வாசற்படி தாண்டமாட்டான்.

இவ்வளவும் புகழுக்குரியவை. ஆனால் புகழ்ந்துவிட்டு நாம் பேனாவைக் கீழே வைப்பதற்கில்லை. 1924-க்குப் பின் கியூபாவின் கரையை இவ்வளவு உக்கிரத்துடன் தாக்கிய முதல் புயல் இர்மாதான். பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் முன்னதாகவே பத்திரமான இடத்துக்குப் போயிருந்தும், 10 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 7 பேர் ஹவானாவாசிகள். ஓடும் பஸ்ஸின் மேல் பழைய கட்டடத்தின் மாடி முகப்பு இடிந்து விழுந்து இரண்டு பெண்கள் மாண்டனர். இறந்தவரில் சிலர் பாதுகாப்பு விதிகளை அனுசரிக்கவில்லை என்று சர்க்கார் தரப்பில் சமாதானம் கூறப்பட்டது. கேட்கிறோம்: பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவள் எந்த விதியை மீறினாள்? அந்தச் சுவரைப் பழுது பார்க்க வேண்டியவர் யார்? வர்த்தகத் தடையால் சிமெண்டும் இரும்பும் அருமையாகிவிட்டன என்பது மெய். அக்கொடுமையை நாம் பூசி மெழுகவில்லை. ஆனால் அயலான் செய்யும் அநீதி உள்ளூர் அசிரத்தைக்குச் சாசனமாகிவிடாது. லட்சோப லட்சம் ஜனங்களை இரண்டொரு நாளில் இடம் பெயர்க்கும் வல்லமையுள்ள ராஜாங்கத்துக்கு, ஐம்பது வருஷத்தில் ஒரு தெருவின் மாடிகளுக்கு முட்டுக் கொடுக்கவும் வல்லமை இருந்திருக்க வேண்டும். 2024 நவம்பரில் 'ரபேல்' புயல் மேற்குக் கியூபாவைத் தாக்கியபோது தேசம் முழுவதிலும் மின்சாரம் நின்றுபோயிற்று. பாட்டரி ரேடியோ இல்லாத வீட்டுக்கு எச்சரிக்கை எந்த வழியாக வந்து சேரும்?

இர்மா கரையை விட்டு அகன்றபின், கடற்கரைத் தெருக்களில் தண்ணீர் வடிந்தது. மேட்டில் நிறுத்தியவர்களின் வண்டிகள் பிழைத்தன. கீழே அகப்பட்ட வண்டிகளின் சொந்தக்காரர்கள் கதவுகளைத் திறந்து போட்டு, ஆசனங்களைப் பெயர்த்து வெயிலில் வைத்தார்கள். உப்பு ஏறுமுன் நல்ல தண்ணீர் விட்டு அடிச்சட்டத்தைக் கழுவ வேண்டுமென்பது அவர்கள் அனைவருக்கும் தெரியும். நகரத்தின் பல பகுதிகளில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் திரும்பி வர நாட்கள் ஆயின.